ஜாஸ் பேஸ்: மரத்தைக் குடையாமல், பழைய நிலைக்குத் திரும்பும்படி பிக்கப் தொனியை மாற்றுவது எப்படி?

கீழ்ஸ்தாயி

வணக்கம் நண்பர்களே. கருவி: ஜாஸ் பேஸ் வகை பேஸ் கிட்டார், நாலு கம்பி, பாஸிவ், பேட்டரி கிடையாது. இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அசைவை மின்சிக்னலாக்கும், ஒரே சுருள் கொண்ட காந்தப் பகுதி), இரண்டு வால்யூம், ஒரு டோன். மூன்று பாட்டும் (குமிழைத் திருப்பினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்) 250 கிலோ ஓம். டோன் கெப்பாசிட்டர் மேல் 473 என்று, அதாவது 47 நானோஃபாரட் என்று, அச்சிட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் அளந்தால் கழுத்துப் பக்கப் பிக்கப் 7.2 கிலோ ஓம், பிரிட்ஜ் பக்கம் 7.5 கிலோ ஓம். கம்பி ரவுண்டுவவுண்ட்.

தனியாக வாசித்தால் குறை ஒன்றுமில்லை. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் பேஸ் அமுங்கிவிடுகிறது. அடிச்சத்தம் கேட்கிறது, விரல் படும் சத்தம் கேட்கிறது, நடுவில் பள்ளம். பி பேஸில் (பிரிசிஷன் பேஸ்) வருகிற அந்தத் தடித்த நடுப்பகுதிதான் வேண்டும். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்தால் நடு வருகிறது, ஆனால் கூடவே 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வந்துவிடுகிறது.

மரத்தில் துளையோ குடைவோ கூடாது. புது பிக்கப் வாங்கும் எண்ணம் இல்லை. எதைச் செய்தாலும் ஒரே மாலையில் பழையபடி ஆக்கிவிட முடிய வேண்டும். சால்டரிங் தெரியும், 25 வாட் அயர்ன் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

நாலுகம்பி

அயர்னை இப்போதைக்கு எடுக்காதீங்க. ஒரு திருப்புளியும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பள்ளம் ஏன் விழுகிறது என்று பார்த்தால் வழி தானாகத் தெரியும். ஒரே கம்பியின் அசைவை இரண்டு பிக்கப்பும் இரண்டு வேறு இடத்தில் பிடிக்கின்றன. சில ஹார்மானிக்ஸுக்கு (சுரத்தோடு கூடவே எழும் மேல் அதிர்வுகளுக்கு), கழுத்துப் பிக்கப்புக்கு மேலே கம்பி உயரும் நேரத்தில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே அதே கம்பி தாழ்கிறது. இரண்டையும் சம பலத்தில் கூட்டினால் அந்த ஹார்மானிக்ஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சம பலம் இல்லாவிட்டால் அழிவு முழுமையாகாது, பள்ளம் பாதி தூர்ந்துவிடும். ஆக நீங்கள் செய்யவேண்டியது அந்தச் சமநிலையைக் கொஞ்சம் கலைப்பதுதான்.

உயரத்தை அளக்கும் முறை: ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். கம்பியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத் தண்டின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜி கம்பிக்கும் அதே மாதிரி. இரண்டு பிக்கப்புக்கும் சேர்த்து நாலு எண்கள். திரும்பி வருவதற்கான வழி அந்த நாலு எண்கள்தான், அதனால் தாளில் எழுதி பேஸ் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

பொதுவான தொடக்க அளவு ஈ பக்கம் 3.2 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. உங்கள் தேவைக்குக் கழுத்துப் பிக்கப்பை அந்த அளவிலேயே விட்டுவிட்டு, பிரிட்ஜ் பிக்கப்பை இப்போது இருக்கிற இடத்திலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. வரை இறக்குங்கள். ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். நாலு திருகையும் கால் சுற்று, கால் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் மற்ற வாத்தியங்களோடு கேளுங்கள். தனியாகக் கேட்டு முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம்.

கழுத்துப் பிக்கப்பை ஏற்றினால் இன்னும் தடிக்குமே என்று தோன்றும். ஈ பக்கம் 2 மி.மீ.க்குக் கீழே போனால் காந்தமே கம்பியை இழுக்க ஆரம்பித்துவிடும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசிக்கும் சுரம் இரண்டு சுரமாகக் கேட்கும், தம்புரா போல ஒரு அலை வரும், ட்யூனரில் முள் நிற்காது. இன்டொனேஷன் (ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சேர்வது) கெட்டுவிட்டது என்று நினைத்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு பிக்கப் உயரத்தில் இருக்கும்.

திருகைத் தளர்த்தியும் பிக்கப் மேலே வரவில்லையா? அடியில் இருக்கிற ஃபோம் செத்துவிட்டது. 10 முதல் 12 மி.மீ. கனத்தில், அழுத்தினால் மெல்ல எழும்பும் ஃபோம் துண்டு வெட்டி வையுங்கள். பொடியாக உதிரும் பழைய ஃபோம் என்றால் முழுவதும் சுரண்டி எடுங்கள், ஈரத்தை உறிஞ்சிப் பிக்கப்பின் அடியில் துரு ஏற்றும். ஜாஸ் பேஸ் பிக்கப் திருகு நேரே மரத்தில் ஏறுகிறது. கையால் மட்டும் திருப்புங்கள், பவர் டிரைவர் வேண்டாம். ஏற்றும்போது திருகு மரத்தில் 5 மி.மீ.க்குக் குறையாமல் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீளத் திருகு வாங்குங்கள்.

வால்யூமிலும் இதே விஷயம் உண்டு. பிரிட்ஜ் வால்யூமை 10இலிருந்து 8க்குக் கொண்டுவந்தாலே பள்ளம் குறைவது காதுக்குத் தெரியும். ஆனால் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது மட்டும்தான் இரைச்சல் முற்றிலும் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். உயரத்தால் செய்யும் மாற்றத்தில் இந்தத் தொந்தரவு இல்லை, ஏனென்றால் இரைச்சலைக் காயில்தான் பிடிக்கிறது. காயில் கம்பிக்கு அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அது பிடிக்கும் இரைச்சல் ஒன்றுதான்.

ஈயப்பற்று

உயரத்தைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் சீரிஸ் சுவிட்ச் போடுங்கள். உங்கள் பேஸில் இரண்டு பிக்கப்பும் பேரலலாக (பக்க இணைப்பில்) இணைந்திருக்கின்றன. 1957க்குப் பிந்தைய பி பேஸில் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும், அவை சீரிஸில் (தொடர் இணைப்பில்) இருக்கின்றன. அடியில் சுவிட்ச் சேர்ந்த புஷ்-புல் பாட் ஒன்று வைத்தால் நாப்பை (குமிழை) இழுத்தால் சீரிஸ், அழுத்தினால் பழைய ஜாஸ் பேஸ்.

"திரும்பி வரக்கூடியது" என்று கேட்டிருக்கிறீர்கள், அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வயரிங்கைப் பிரித்து மாற்றி, பிறகு அதையே மறுபடி பற்றவைப்பது உண்மையான திரும்பல் ஆகாது. ஒவ்வொரு தடவை சூடேற்றும்போதும் பாட்டுக்குள் இருக்கும் கார்பன் பட்டை கெடுகிறது, வயர் நுனி குட்டையாகிறது. ஜாஸ் பேஸில் ஒரு பெரிய வசதி உண்டு: மூன்று பாட்டும் ஜாக்கும் ஒரே உலோகத் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அதே அளவில் இன்னொரு தட்டு தனியாக விற்கிறது. புது வயரிங் முழுவதையும் அந்தப் புதுத் தட்டில் மேசைமேல் வைத்துக் கட்டுங்கள். பழைய தட்டு தொடாமல் அப்படியே உறையில் போகட்டும்.

பேஸுக்குள்ளிருந்து தட்டுக்கு வருவது ஐந்தே வயர்: கழுத்துப் பிக்கப்பின் ஹாட் (சிக்னல் வயர்), எர்த், பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட், எர்த், பிரிட்ஜ் உலோகத்திலிருந்து வரும் எர்த். கழற்றும் முன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் ஒரு சிறு ஒட்டுத்தாள்.

வாங்க வேண்டியவை: தட்டு 1, 250 கிலோ ஓம் லாக் டேப்பர் புஷ்-புல் பாட் 1, 250 கிலோ ஓம் லாக் பாட் 2, ஜாக் 1, 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர் 1, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வாங்கும் முன் மூன்று அளவு எடுங்கள். ஒன்று, தட்டுக்கு அடியில் மரத்தில் இருக்கும் குழியின் ஆழம். புஷ்-புல் பாட் சாதாரணப் பாட்டைவிட மிக நீளம், தரையில் முட்டினால் தட்டு உட்காராது. இரண்டு, தட்டின் துளை. அமெரிக்க அளவுப் பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், ஆசிய அளவுத் தட்டுகளில் அதைவிடச் சிறிதாக இருக்கும். மூன்று, நாப்பின் உள்விட்டம். 6.35 மி.மீ. நாப் 6 மி.மீ. தண்டில் ஆடும். குழி ஆழம் போதாவிட்டால் மினி டாகிள் சுவிட்ச் வாங்கி புதுத் தட்டிலேயே துளை போடுங்கள். மரத்தைத் தொடவில்லை, பழைய தட்டையும் தொடவில்லை.

இணைப்பு இதுதான். புஷ்-புல்லின் அடியில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை கால்கள் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் நடுக்கால் பொதுக்கால். நாப் உள்ளே இருக்கும்போது நடுக்கால் எந்தப் பக்கத்தோடு சேர்கிறது என்று மல்டிமீட்டரின் பீப் வைத்துப் பார்த்துக் குறியுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது, இணையத்துப் படத்தை நம்பாதீர்கள். உள்ளே இருக்கும்போது சேரும் கால் பேரலல் கால், வெளியே இழுத்தால் சேரும் கால் சீரிஸ் கால்.

முதல் வரிசை: நடுக்காலில் கழுத்துப் பிக்கப்பின் எர்த் வயர். பேரலல் காலிலிருந்து எர்த்துக்கு ஒரு வயர்.

இரண்டாம் வரிசை: நடுக்காலில் பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட். பேரலல் காலிலிருந்து பிரிட்ஜ் வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கு ஒரு வயர்.

இரண்டு வரிசையின் சீரிஸ் கால்களையும் ஒரு குட்டி வயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். மற்றதெல்லாம் வழக்கமான ஜாஸ் பேஸ் வயரிங்: கழுத்து ஹாட் அதன் வால்யூமின் நடுக்காலுக்கு, இரண்டு வால்யூமின் வெளிக்கால்களும் சேர்ந்து டோனுக்கும் ஜாக்குக்கும்.

கழுத்து வால்யூம் இருக்கும் இடத்தில் புஷ்-புல்லை வையுங்கள். சீரிஸில் அதுதான் மொத்தத்துக்கும் வால்யூம், பிரிட்ஜ் வால்யூம் வேலை செய்யாது. இதில் ஒரு லாபம்: சீரிஸில் வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் இரண்டு காயிலும் சமமாகவே சேருவதால் இரைச்சல் அடங்கியே இருக்கும்.

தட்டை மூடும் முன் கேபிளைச் செருகி மறுமுனையில் அளந்துபாருங்கள். எல்லா வால்யூமும் 10இல். உங்கள் எண்களுக்குப் பேரலலில் 3.5 முதல் 3.6 கிலோ ஓம், சீரிஸில் 13 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். 7.2உம் 7.5உம் சேர்ந்தால் 14.7 அல்லவா என்று குழம்ப வேண்டாம், இரண்டு வால்யூம் பாட்டும் பக்கத்தில் 125 கிலோ ஓமாக நிற்பதால் குறைந்து காட்டும். சீரிஸில் 6.8 காட்டினால் கழுத்துப் பிக்கப்பின் எர்த் வேறெங்கோ எர்த்தைத் தொடுகிறது. 125 காட்டினால் அந்தக் குட்டி வயர் விட்டுப்போயிருக்கிறது. சுழியம் என்றால் எங்கோ ஷார்ட்.

உங்கள் 25 வாட் அயர்ன் கால்களுக்குப் போதும், பாட்டின் முதுகில் எர்த் பற்றவைக்கப் போதாது. அந்தத் தகரம் சூட்டைக் குடித்துவிடும், அரை நிமிடம் வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே வெந்துவிடும். 40 முதல் 60 வாட், தட்டை நுனி, முதுகை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு 3 நொடி. ஈயம் பளபளவென்று பரவி உட்கார வேண்டும், உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை.

மந்தரம்

ஈயப்பற்று சொன்ன வயரிங் சரி. ஒரு கருத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் பணம் செலவழிக்கும் முன் கேள்வி கேட்டவருக்கு அது தெரியவேண்டும்.

சீரிஸில் போட்டால் நடுப்பள்ளம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. சீரிஸில் இரண்டு பிக்கப்பின் சிக்னலும் கூடுகிறது. பேரலலில் அதே கூட்டுத்தொகையில் பாதி வருகிறது. எந்த ஹார்மானிக்ஸ் அழிகிறது என்பதில் மாற்றமே இல்லை. மாறுவது இரண்டு விஷயம். சத்தம் சுமார் 6 டெசிபெல் ஏறுகிறது. இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) நாலு மடங்காகிறது, அதனால் பிக்கப்பின் ரெஸொனன்ஸ் (அது மிகப் பலமாக ஒலிக்கும் இடம்) பாதி அதிர்வெண்ணுக்கு, அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது.

ஒரு மதிப்பீடு: ஒவ்வொரு பிக்கப்பும் 3.5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் கேபிளும் காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து 750 பிக்கோஃபாரட். பேரலலில் ரெஸொனன்ஸ் 4.4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். சீரிஸில் 2.2 கிலோஹெர்ட்ஸ். நுனிச்சத்தம் அமுங்கி, இரண்டு கிலோஹெர்ட்ஸை ஒட்டிய இடம் முன்னே வருகிறது, மொத்தமாகப் பலமும் ஏறுகிறது. "நடு தடித்துவிட்டது" என்று காது சொல்வது இதைத்தான்.

இது புரிந்தால் அயர்னைப் பேஸின் பக்கமே கொண்டுபோகாமல் முக்கால்வாசி தூரம் போய்விடலாம். சீரிஸ் செய்வது ரெஸொனன்ஸை இறக்குவது என்றால், அதை ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் செய்யும். மலிவான கேபிள் ஒன்றை எடுத்து, பிளக்கின் உறையைத் திருகிக் கழற்றி, நடுமுனைக்கும் எர்த்துக்கும் குறுக்கே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரைப் பற்றவைத்து மூடிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் 4.4 கிலோஹெர்ட்ஸ் 2.9க்கு இறங்குகிறது. 2.2 நானோஃபாரட் போட்டால் 2.2 கிலோஹெர்ட்ஸ், ஏறக்குறைய சீரிஸில் வரும் அதே இடம். பிடிக்கவில்லையா, வேறு கேபிளைச் செருகினால் பழைய பேஸ்.

கடையில் கேட்கும்போது எண்ணாகக் கேளுங்கள்: 1 நானோ என்றால் 102, 2.2 என்றால் 222, 4.7 என்றால் 472. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறையாகவே கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ரெண்டு வாங்கி வையுங்கள். ஃபிலிம் வகை போதும். டோன் கெப்பாசிட்டருக்கு எண்ணெயில் ஊறிய காகித வகை, பழங்கால வகை என்று பெரிய விலை சொல்வார்கள். பாஸிவ் பேஸில் காதுக்குத் தெரிவது மதிப்பு மட்டும்தான், உள்ளே இருக்கும் பொருள் அல்ல.

இதில் மூன்று எச்சரிக்கை. இந்தக் கேபிள் பேஸுக்கும் முதல் பெடலுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பஃபர் (சிக்னலைப் பலப்படுத்தி அனுப்பும் சுற்று) உள்ள பெடலுக்குப் பிறகு வைத்தால் ஒன்றும் நடக்காது. ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பேஸிலும் பயனில்லை. அடுத்தது, கெப்பாசிட்டர் ரெஸொனன்ஸை இறக்குவதோடு அதைக் கூராகவும் ஆக்குகிறது. சீரிஸில் அந்த மேடு அகலமாகவும் மிருதுவாகவும் இருக்கும். கெப்பாசிட்டரில் மூக்கால் பேசுவதுபோல ஒரு குரல் வரலாம். வந்தால் கெப்பாசிட்டரோடு தொடராக 6.8 முதல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள், மேடு தணியும். மூன்றாவது, இரண்டு பிக்கப்பும் திறந்திருக்கும்போதுதான் இந்த எண்கள். ஒரே பிக்கப்பில் இண்டக்டன்ஸ் இரண்டு மடங்கு, அதற்கு 222 அதிகம், 102 போதும்.

டோன் கெப்பாசிட்டரை மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். டோன் 10இல் இருக்கும்வரை 473 ஆனாலும் 223 ஆனாலும் வித்தியாசம் கேட்காது, 250 கிலோ ஓம் பாட்தான் அங்கே பேசுகிறது. மூடும்போதுதான் மாறும்: 22 நானோ நடுவைக் கொஞ்சம் மிச்சம் வைக்கும், 100 நானோ எல்லாவற்றையும் போர்வைக்குள் போட்டுவிடும். உங்கள் பிரச்சினைக்கு இது மருந்து அல்ல.

கீழ்ஸ்தாயி

மிக்க நன்றி. பிரிட்ஜ் பிக்கப்பை 1.2 மி.மீ. இறக்கியதில் பாதி சரியாகிவிட்டது. 102 கேபிளும் நன்றாக இருக்கிறது, 222 எனக்கு அதிகம். ஆனால் சத்தமும் கூட வேண்டும் என்பதால் சீரிஸ் சுவிட்ச் கட்டலாம் என்று இருக்கிறேன்.

அளந்துபார்த்ததில் ஒரு சந்தேகம். கழுத்துப் பிக்கப்பின் காந்தத் தண்டுக்கும் அதன் எர்த் வயருக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்கிறது. பிரிட்ஜ் பிக்கப்பில் அடிக்கவில்லை. இது பிரச்சினையா? இன்னொன்று: குழுவில் ஒரு பி பேஸும் இருக்கிறது, அதைத் தெளிவாக்க, அதாவது இதற்கு நேர்மாறாக, ஏதாவது செய்யலாமா?

ஈயப்பற்று

மந்தரம் சொன்ன திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

பீப் விஷயத்தை முன்கூட்டியே பார்த்தது நல்லது. நான் எழுதிய இணைப்பில் கழுத்துப் பிக்கப்பின் எர்த் வயர் சீரிஸில் எர்த்தை விட்டு விலகி, சிக்னலின் நடுவில் தொங்குகிறது. காந்தத் தண்டு அதோடு ஒட்டியிருந்தால் தண்டும் சிக்னலாகிவிடும். கட்டைவிரலைப் பிக்கப் மேல் ஊன்றி வாசிப்பவருக்கு ஒவ்வொரு தொடுதலுக்கும் டக் டக்கென்று சத்தமும், கை பட்டதும் இரைச்சலும் வரும். கம்பி தண்டில் இடித்தால் பிரிட்ஜ் பிக்கப்பின் சிக்னல் ஷார்ட் ஆகும்.

பிக்கப்பைப் பிரிக்க வேண்டாம். இணைப்பைத் தலைகீழாக்கினால் போதும். முதல் வரிசை நடுக்காலில் பிரிட்ஜ் பிக்கப்பின் எர்த் வயர், அதன் பேரலல் கால் எர்த்துக்கு. இரண்டாம் வரிசை நடுக்காலில் கழுத்துப் பிக்கப்பின் ஹாட், அதன் பேரலல் கால் கழுத்து வால்யூமின் நடுக்காலுக்கு. சீரிஸ் கால்கள் இரண்டும் முன்போலவே ஒன்றோடொன்று. பிரிட்ஜ் ஹாட் நேரே தன் வால்யூமுக்கு, கழுத்துப் பிக்கப்பின் எர்த் நேரே எர்த்துக்கு. இப்போது சீரிஸில் பிரிட்ஜ் வால்யூம்தான் மொத்த வால்யூம், ஆகவே புஷ்-புல்லை அந்த இடத்தில் வையுங்கள். எர்த் இழந்து நிற்பது பிரிட்ஜ் பிக்கப், அதன் தண்டு எதோடும் ஒட்டவில்லை, தொல்லை இல்லை. தப்பாக இருந்தால் மீட்டர் காட்டும் எண்ணும் மாறும்: 6.8க்குப் பதில் 7.1.

பிக்கப்புக்கு அடியில் பித்தளைத் தகடோ செம்புத் தாளோ இருந்தால் அதன் எர்த் வயர் தனியாக வர வேண்டும். அது பிரிட்ஜ் பிக்கப்பின் எர்த் வயரோடு முடிச்சுப் போட்டிருந்தால் பிரித்து, தகட்டை மட்டும் நேரே எர்த்தில் சேருங்கள்.

சீரிஸில் ஆம்ப் உள்ளீடு பிசிறடித்தால் ஆக்டிவ் என்று குறித்த ஜாக்கில் செருகுங்கள், அது சிக்னலைக் குறைத்துத்தான் உள்ளே விடும்.

நாலுகம்பி

பி பேஸ் பற்றி. அதில் சீரிஸாக இருப்பதைப் பேரலலாக்கலாம், இதே மாதிரி இரண்டு வரிசைக் கால்கள் உள்ள (டி.பி.டி.டி.) புஷ்-புல் போதும். ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளை மட்டும் பிடிக்கிறது, மற்றது டி, ஜி கம்பிகளை மட்டும். ஒரே கம்பியை இரண்டு காயிலும் பிடிப்பதில்லை என்பதால் ஜாஸ் பேஸ் போன்ற பள்ளமும் விழாது. சத்தம் 6 டெசிபெல் இறங்கி, ரெஸொனன்ஸ் ஒரு ஸ்தாயி ஏறி, தெளிவு கூடும். 11 கிலோ ஓம் பிக்கப் 2.75 காட்டும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸின் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) பேரலலாகக் கட்டப்பட்டதுதான், அந்தப் பளிச்சென்ற குரலுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதில் ப்ரீஆம்ப் (உள்ளேயே இருக்கும் சிறு ஆம்ப்) இருக்கிறது, இழந்த சத்தத்தை அது ஈடுகட்டிவிடும். உங்களுக்கு ஆம்பில்தான் ஏற்ற வேண்டும்.

செய்யும்போது ஒரே ஒரு இடத்தில் மிகுந்த கவனம் தேவை. இரண்டு துண்டுகளையும் இணைக்கும் வயர் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு கண்ணியில் பற்றவைத்திருக்கும். காயிலின் நுனியும் அதே கண்ணியில்தான் முடிகிறது. அந்தக் கம்பி 0.06 மி.மீ., தலைமுடி அளவு. கண்ணியைச் சூடேற்றினால் நுனி கழன்றுவிடலாம், கழன்றால் திரும்பி வரும் வழி கிடையாது. எனவே கண்ணியைத் தொடாதீங்க. இணைப்பு வயரை நடுவில் வெட்டி, இரண்டு நுனியிலும் புது வயரைச் சேர்த்து ஸ்லீவ் போட்டுச் சுவிட்சுக்குக் கொண்டுபோங்கள். பழையபடி வேண்டும் என்றால் வெட்டிய நுனிகளை மறுபடி சேர்த்து ஸ்லீவ் போட்டால் முடிந்தது. இதே காரணத்துக்காக, காந்தத் தண்டை அழுத்தி உயரம் மாற்றச் சொல்லும் ஆலோசனையையும் கேட்காதீங்க. பழைய பாணிப் பிக்கப்பில் காயில் நேரே தண்டின் மேலேயே சுற்றியிருக்கும், தண்டு நகர்ந்தால் உள்வட்டம் அறுந்துவிடும்.

மந்தரம்

பி பேஸ் பேரலலில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஒரு துண்டின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுவிட்டால் தொனியில் எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு கம்பியும் ஒரே துண்டில்தான் பேசுகிறது, ஃபேஸ் தப்பினாலும் காட்டிக்கொடுக்க இன்னொரு குரல் இல்லை. ஆனால் இரைச்சல் அழிவதற்குப் பதில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். சத்தம் நன்றாக இருக்கிறதே என்று மூடிவிட்டு, பிறகு ஷீல்டிங் சரியில்லை என்று செம்புத் தாள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரியான வரிசை இது. வெட்டும் முன் ஜாக்குக்குப் போகும் துண்டை முதல் துண்டு என்றும், எர்த்துக்குப் போவதை இரண்டாவது என்றும் குறியுங்கள். பேரலலில் முதல் துண்டின் ஹாட் வயரும், இரண்டாவது துண்டில் வெட்டிய நுனியும் சேர்ந்து வால்யூமுக்கு. முதல் துண்டில் வெட்டிய நுனியும், இரண்டாவதன் எர்த் வயரும் சேர்ந்து எர்த்துக்கு. கட்டி முடித்ததும் பேஸை ஃப்ளூரசென்ட் டியூப் லைட் அல்லது பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் பக்கத்தில் பிடித்து, கம்பிகளைக் கையால் அமர்த்திக்கொண்டு சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப்பாருங்கள். இரண்டு பக்கமும் இரைச்சல் முன்போல அடங்கியிருந்தால் சரி, ஏறியிருந்தால் இரண்டாவது துண்டின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.